நல்ல காலை அளந்த நாள்

விளையாட்டு அரங்கத்தின் படிக்கட்டுகளுக்கு அடியில், சரிந்த கூரையோடு ஓர் அறை. உயரமானவன் கடைசிக் கட்டில் வரை போக வேண்டுமானால் தலையைக் குனிந்துதான் போக வேண்டும். மேலே ஆட்டம் நடக்கும்போது ஜனம் எழுந்து குதிக்கும். கீழே ஒருவன் கணுக்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடப்பான். யார் கோல் போட்டது என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் அவன் கண்டுபிடிக்க வேண்டும். அந்த அறையில் அடிபட்டவர்களைத் தேற்றி மைதானத்துக்குத் திருப்பி அனுப்பும் வேலை பொறுமை சாருக்கு.

பொறுமை என்பது விளையாட்டுக்காரர்கள் வைத்த பெயர். எவன் என்ன கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அதுதான். "சார், எப்போ ஓடலாம்?" "பொறுமை." "சார், கட்டை அவிழ்த்துடலாமா?" "பொறுமை." "சார், பாத்ரூம் போகணும்." பழக்க தோஷம், அதற்கும் ஒரு தடவை "பொறுமை" என்றுவிட்டார். அன்றோடு பெயர் ஒட்டிக்கொண்டது. "பொறுத்தார் பூமி ஆள்வார்னு சொல்வாங்க, சார்கிட்ட வந்தவன் பெஞ்சைத்தான் ஆளுறான்" என்று அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் பிடியை மட்டும் விடமாட்டார்.

விளையாட்டுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். அவர் உதைத்த பந்து கோல் பக்கம் போனதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இந்தத் தொழிலுக்கு அவரைக் கொண்டுவந்தது அப்பாவின் தோள். அப்பா பஸ் ஓட்டியவர். டெப்போவில் வழுக்கி விழுந்து தோளில் எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டார்கள். எலும்பு சேர்ந்தது, கை சேரவில்லை. கட்டைப் பிரித்த பிறகு கையை அசைத்துப் பழக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, வலிக்குமே என்று அவரும் அசைக்கவில்லை. தோள் இறுகிப்போய்விட்டது. ஸ்டியரிங் பிடித்த மனுஷன் டெப்போ வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த பஸ் எந்த ஊருக்கு என்று கூவிக்கொண்டிருந்தார். காயம் ஆறுவது வேறு, ஆள் தேறுவது வேறு என்று மகனுக்கு அந்த வயதிலேயே உறைத்தது.

பொறுமை சாரிடம் ஒரு வரிசை உண்டு. முதலில் வீக்கம் இறங்க வேண்டும். அதற்கு ஐஸ், இறுக்கமான கட்டு, தூக்கி வைத்த கால். வீக்கம் இறங்கினால் மூட்டு மடங்கி நிமிர வேண்டும். பிறகு தூங்கிப்போன தசையை எழுப்ப வேண்டும், எழுந்த தசைக்குப் பலம் ஏற்ற வேண்டும், ஒற்றைக் காலில் ஆடாமல் நிற்கப் பழக்க வேண்டும். அப்புறம் நேராக ஓட்டம், அப்புறம் வளைந்து திரும்பும் ஓட்டம். பந்து கடைசியில்தான். நடுவில் ஒரு படியைத் தாண்டப் பார்க்கிறவனைக் காதைப் பிடிக்காத குறையாகக் கீழே கொண்டுவந்து நிறுத்துவார்.

பையன்களுக்கு அறையிலிருந்த மெஷின்கள் மேல்தான் மோகம். பட்டைகளைத் தோலில் ஒட்டிக் கரண்ட் கொடுக்கும் பெட்டி ஒன்று, சூட்டுப் பைகள் ஊறிக்கொண்டிருக்கும் வெந்நீர்த் தொட்டி ஒன்று. கரண்ட் பெட்டியைப் போட்டதும் வலி குறையும், உடனே "சார், சரியாயிடுச்சு!" என்று எழுந்து உட்காருவார்கள்.

"எது சரியாச்சு?" என்பார் அவர். "வலி உன்னை மறந்திருக்கு, அவ்வளவுதான். காயம் மறக்கலை. படு."

அந்த அறையிலிருந்து மைதானத்துக்குப் போக ஒரே ஒரு கதவுதான், அதன் சாவி ஒரு பரீட்சை. தரையில் ஒட்டிய கோட்டில் ஒற்றைக் காலில் நின்று, முழு பலத்தோடு முன்னால் தாண்டி, அதே காலில் ஊன்றி ஆடாமல் நிற்க வேண்டும். முதலில் நல்ல கால், பிறகு அடிபட்ட கால். நல்ல கால் தாண்டிய தூரத்தில் பத்துக்கு ஒன்பது பங்காவது அடிபட்ட காலும் தாண்ட வேண்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு திருட்டு வழியும் உண்டு. அடிபட்ட காலை யாராலும் ஏமாற்றித் தூரம் தாண்டவைக்க முடியாது; நல்ல காலை அடக்கி வாசிக்க முடியும். நல்ல கால் குறைத்துத் தாண்டினால் கெட்ட கால் அதற்குச் சமமாகிவிடும். விளையாடத் துடிக்கிறவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பொறுமை சாரிடம் மட்டும் அந்தப் பருப்பு வேகாது. முழு மனதோடு தாண்டுகிறவனின் கைகள் பின்னாலிருந்து வீசி வரும், ஊன்றும் பாதம் தரையில் அறையும். அடக்குகிறவனின் கை இடுப்போடு நிற்கும், பாதம் பூனைபோல இறங்கும். அதைப் பார்த்தாரோ, அளக்கும் டேப்பைக் கீழே வைத்துவிட்டு "மறுபடி தாண்டு" என்பார். அடுத்ததும் அப்படியே வந்தால் அதற்கும் "மறுபடி தாண்டு". ஆறடி ஆள் ஒருவன் இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டுச் சுவரோரம் உட்கார்ந்து அழுதிருக்கிறான். பிற்பாடு அவனே, நாலு சீசன் ஆடிய கால்களோடு, கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தான்.

இப்படிப்பட்ட மனுஷனுக்குத்தான் மச்சினன் வடிவில் சோதனை வந்தது.

மச்சினன் என்றால் மனைவியின் ஒரே தம்பி. ஸ்கூலில் கணக்கு டீச்சர் அவள். அப்பா அம்மா தொலைவில் இருந்ததால், படிப்பதற்காகத் தம்பியைத் தன்னோடு கூட்டிவந்தாள். படிக்க வந்தவன் பந்தோடு தங்கிவிட்டான். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் சத்தம் என்று ஒன்று கேட்டதே அவன் வந்த பிறகுதான். "மாமா, உங்க கையைவிட உங்க கரண்ட் பெட்டி நல்லா பேசுது" என்பான். "பேசும் மாப்ளே, உன் முட்டி ஒரு நாள் அதுகிட்ட வரும், அப்போ பேசிக்கோ" என்பார் இவர். வாய்தான், வேறென்ன. அதைச் சொன்ன வாயை நினைத்து அவர் பிறகு அழுதது வேறு விஷயம்.

வந்தேவிட்டது. ஓரமாகப் பந்தைக் கொண்டுபோனவன் சட்டென்று திரும்பினான். இடது முட்டிக்குள்ளே லிகமெண்ட் அறுந்தது. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் உள்ளே பிடித்து வைத்திருக்கும் நார் அது. முட்டி டாக்டர் அவன் தொடையின் பின்பக்கத்திலிருந்தே ஒரு நாரை எடுத்து அந்த இடத்தில் பொருத்தினார். அதற்குப் பிறகு பையன் பொறுமை சாரின் பொறுப்பு.

மனுஷன் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தார். அதில் குறை சொன்னால் நாக்கு அழுகும். காலையில் வீட்டிலேயே ஐஸ். பகலில் அறையில் கட்டில். கால் நேராக நிமிராமல் பிடிவாதம் பிடித்தபோது குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தொடைத் தசை விழித்து, முதல் தடவை தானாகவே இறுகிய அன்று மனைவிக்குப் போன் போட்டு "உன் தம்பி தொடை எழுந்திருச்சிடுச்சு!" என்று கத்தினார். ஸ்டாஃப் ரூமில் ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டவள் வெட்கத்தில் போனை அணைத்துவிட்டாள். சந்தோஷமான காலம் அது. அடிபட்ட கால் இருந்த வீட்டில் அப்படி ஒரு சந்தோஷம்.

பொருத்திய நார் உடனே உடம்போடு உறவாகிவிடாது. முதலில் இளகும், பிறகுதான் மெல்ல மெல்ல இறுகும். இளகியிருக்கும் காலத்தில் ஆளுக்கு எல்லாமே சரியாகிவிட்டதுபோலத் தோன்றும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, நடை அழகாக இருக்கும். பொறுமை சார் இதை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பார். சரியாக அந்தச் சமயத்தில்தான் பெரிய அணிக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பு வந்தது. அடுத்த வருஷம் என்றால் பையனுக்கு வயது தாண்டிவிடும்.

வீட்டில் யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. சாப்பாடு பரிமாறும்போது மனைவி சும்மா சொல்வதுபோல, "ஆள் எடுக்கிறாங்களாமே" என்றாள்.

"ஆமா."

"நான் ஒண்ணும் சொல்லலைங்க. உங்களுக்குத் தெரியாததா."

நான் ஒண்ணும் சொல்லலை என்பதைப்போலப் பாரமான வார்த்தை குடும்பத்தில் வேறு கிடையாது. மச்சினன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவன் ஜோக் ஒன்றும் அடிக்கவில்லை.

பரீட்சை வைத்தார். நல்ல கால் முதலில். மச்சினன் கோட்டில் நின்றான், தாண்டினான். கை இடுப்பை விட்டு வரவில்லை. பாதம் பூனைபோல இறங்கியது.

பொறுமை சார் பார்த்தார். பார்த்தார் என்பதில் சந்தேகமே வேண்டாம். மூன்று தடவை தாண்டினான், மூன்று தடவையும் பார்த்தார். மறுபடி தாண்டு என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. அதோடு அவன் முகமும் தெரிந்தது, அதற்குப் பின்னால் அவள் முகமும். கொஞ்சம் அவர் முகமும்தான். அறுந்த முட்டியோடு வந்தவனைப் பெரிய அணிக்கு அனுப்பினார் என்று நாலு பேர் பேசுவார்களே. மனுஷன்தானே. இடது காலையும் தாண்டச் சொன்னார். அளந்தார். கணக்கு நேராக வந்தது. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

"சரியா வந்துட்டானா?" என்று கேட்டார் கோச்.

"வந்துட்டான்," என்றார்.

தேர்வு ஆட்டத்தில் அவனை யாரும் இடிக்கவில்லை, தள்ளவில்லை. பந்து வந்தது, நின்றான், வலப்பக்கம் திரும்பினான், உட்கார்ந்தான். அவ்வளவுதான். பொறுமை சார் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அந்த மைதானத்தில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தார்கள். முட்டியை லேசாக மடக்கி, கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்த்தார். உள்ளே நார் இருந்தால் முடிச்சுப் போட்ட கயிறுபோல ஓரிடத்தில் வந்து நிற்கும். நிற்கவில்லை. ஐஸை வைத்துக் கட்டினார். கட்டு இரண்டு தடவை அவிழ்ந்தது.

இந்தத் தடவை நாரோடு குருத்தெலும்பும் போயிருந்தது. முட்டி டாக்டர் நல்லவர், பொய் சொல்லவில்லை. நடக்கலாம், படி ஏறலாம், வேலைக்குப் போகலாம். பந்து மட்டும் வேண்டாம் என்றார். அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து மச்சினன் அக்காவிடம், "பசிக்குது, ஏதாவது வாங்கிக் கொடு" என்றான். வாங்கிக் கொடுத்ததைச் சாப்பிடாமல் கையில் வைத்துக்கொண்டு வீடு வரை வந்தான்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? மைதானம் சரியில்லை என்றார்கள். கண் பட்டுவிட்டது என்றார்கள். விளையாட்டு என்றால் அடிபடத்தான் செய்யும் என்றார்கள். பொறுமை சாரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "உங்களாலதான் இவ்வளவாவது நடக்கிறான்" என்று மாமனார் போனில் சொன்னபோது, மனுஷன் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

மறுபடியும் அதே அறை, அதே கட்டில். இப்போது பந்துக்காக இல்லை, படிக்கட்டுக்காக. முட்டி மடங்க வேண்டும், நிமிர வேண்டும், தொடை எழ வேண்டும். ஆனால் ஒன்று சரியில்லை. இறங்கியிருந்த வீக்கம் திரும்பத் திரும்ப ஏறிக்கொண்டே இருந்தது. முட்டி சுட்டது. பொறுமை சார் ஐஸ் வைத்தார், கட்டை மாற்றினார், பயிற்சியைக் குறைத்தார். வீக்கம் கேட்கவில்லை. கடைசியில் மனைவிதான் சொன்னாள்.

"நீங்க கிளம்பினதும் கதவைச் சாத்திக்கிட்டுச் செய்யறான். சுவத்துல சாஞ்சு உட்கார்ந்து எழுந்திருக்கிறான், உட்கார்ந்து எழுந்திருக்கிறான். வலியில கத்துறான். கதவைத் தட்டினா திறக்க மாட்டேங்கறான்."

மறுநாள் மதியம் அறையில் வேறு யாரும் இல்லாதபோது பொறுமை சார் கேட்டார். "எதுக்குடா இப்படிச் செய்யறே? மிச்சம் இருக்கிற குருத்தெலும்பும் தேஞ்சுடும். அப்புறம் நடக்கிறதுக்கும் திண்டாடுவே. நான் சொன்னதுக்கு மேல ஏன் செய்யறே?"

மச்சினன் கூரையைப் பார்த்தபடி சொன்னான்.

"எனக்கு இது பத்தாது மாமா."

"என்ன பத்தாது?"

"தண்டனை." குரல் உடைந்தது. "நீங்க எனக்காக எவ்வளவு பாடுபட்டீங்க. நான் உங்களையே ஏமாத்திட்டேன். அன்னைக்குப் பரீட்சையில நல்ல காலை அடக்கித்தான் தாண்டினேன். உங்க கண்ணுலயே மண்ணைத் தூவிட்டேன். உங்க பேரைக் கெடுத்துட்டேன். நீங்க ராத்திரி பகல்னு பார்க்காம எனக்குக் காலைப் பிடிச்சு விடும்போதெல்லாம் எனக்குச் செத்துடலாம்போல இருக்கு மாமா."

பொறுமை சாருக்கு இரண்டு வழி இருந்தது. "பரவாயில்லடா, போனது போகட்டும்" என்று தலையைத் தடவிவிட்டிருக்கலாம். பெரிய மனுஷன் என்ற பெயரும் நின்றிருக்கும். பையனும் ஆயுசு முழுக்க அவர் காலில் விழுந்துகொண்டே இருந்திருப்பான். கதவைச் சாத்திக்கொண்டு அந்த முட்டியைத் தேய்த்துக்கொண்டும் இருந்திருப்பான். ஐஸால் இறங்குகிற வீக்கம் இல்லை இது. அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நீ என்னை ஏமாத்தலைடா," என்றார். "நான் பார்த்தேன்."

"என்ன பார்த்தீங்க?"

"உன் கை வரலை. பாதம் மெதுவா இறங்குச்சு. மூணு தடவையும் பார்த்தேன்."

மச்சினன் முழங்கையை ஊன்றி எழுந்தான். புரிய நேரம் எடுத்தது. புரிந்ததும் முகத்திலிருந்த அழுகை எங்கோ போய்விட்டது. கோபம்கூட வரவில்லை. சின்னப் பையன் கேட்பதுபோலத்தான் கேட்டான்.

"எல்லாருக்கும் சொல்வீங்களே மாமா, மறுபடி தாண்டுன்னு. எனக்கு மட்டும் ஏன் சொல்லலை?"

உன் மேல் உள்ள பாசத்தால் என்று சொல்லலாம். அதைச் சொல்ல நா கூசியது. மற்ற பிள்ளைகளின் கால்களை யாரோ பெற்ற பிள்ளைகள் என்று காப்பாற்றினார். வீட்டுப் பிள்ளையின் காலை வீட்டுப் பிள்ளை என்பதாலேயே விட்டுவிட்டார். முட்டியைப் பிடிக்கக் கையை நீட்டினார். மச்சினன் காலை இழுத்துக்கொண்டான். முழுதாக இழுக்க முடியவில்லை, வீங்கிய முட்டி பாதியில் நின்றது. ஆனாலும் இழுத்துக்கொண்டான்.

"வேற யாராவது பார்க்கட்டும் மாமா," என்றான். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சாயங்காலம் மனைவியிடமும் சொன்னார். அவள் திருத்திக்கொண்டிருந்த கணக்குப் பேப்பரை மூடி வைத்தாள். "நான் உங்களை அப்படிச் செய்யச் சொன்னேனா?" என்று சீறினாள். சமையலறைக்குப் போனாள். தண்ணீர்க் குழாய் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து கதவருகில் நின்றாள்.

"சொன்னேன்," என்றாள். "வாயால சொல்லலை, அவ்வளவுதான். அழிஞ்சது என் தம்பி காலு." பிறகு அவளும் அழுதாள், அவரும் அழுதார். ஒரே அறையில் இருந்தார்கள், ஆளுக்கொரு பக்கம் பார்த்து அழுதார்கள்.

நகரத்தின் அந்தக் கோடியில் ஓர் ஆஸ்பத்திரியில் இதே வேலை பார்க்கும் அம்மா ஒருத்தர் உண்டு. கறாரென்றால் அப்படி ஒரு கறார். அவரிடம் போய் வந்தவர்கள் அதற்குப் பொறுமை சாரே தேவலை என்பார்கள். மறுநாள் காலையில் பொறுமை சார் அவருக்குப் போன் செய்தார். என்ன அடி, என்ன ஆபரேஷன், முட்டி எவ்வளவு மடங்குகிறது, எல்லாம் தொழில்முறையில் வரிசையாகச் சொன்னார்.

"ஒண்ணு மட்டும் கவனிக்கணும் மேடம். சொன்னதுக்கு மேல செய்வான், தடுக்கணும். வலிச்சாலும் சொல்ல மாட்டான். முகத்தைப் பார்த்து நீங்களே நிறுத்திடுங்க."

"இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கீங்களே, உங்களுக்கு என்ன வேணும் சார் அந்தப் பையன்?"

"மச்சினன். எங்க வீட்லதான் வளர்ந்தான்."

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. "நல்லா இருக்கே! உங்க கண்ணுக்குத் தப்பி ஒரு தசை அசையாதுன்னு ஊரே சொல்லுது. வீட்டுப் பையனை நீங்களே பார்க்காம எங்கிட்ட ஏன் அனுப்பறீங்க?"

"கண்ணு நல்லாத்தான் தெரியும் மேடம்," என்றார் பொறுமை சார். "அவன் விஷயத்துல வாய் வரலை."

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அம்மாவும் இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். மேலே ஒன்றும் கேட்கவில்லை. "எந்தக் கால் சார்?" என்று மட்டும் கேட்டார்.

"இடது," என்று சொல்ல வாயெடுத்தார் அவர். அதற்கும் குரல் வரவில்லை.